கையை விடுங்கள், காலைப் பாருங்கள்: வின்ட்மில் பிட்ச் கற்கும் பிள்ளைக்கு

முதல் ஒரு வருஷம் நான் என் அக்கா மகளுக்கு வின்ட்மில் பிட்சை, அதாவது பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்தில் காற்றாலைபோலக் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கீழிருந்து பந்து வீசுவதை, தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் வீடுகளில் பலரும் செய்கிற தப்புதான் அது. நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்துப் புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்த கண்ணுக்கு, பந்து போடுவது என்றாலே கை, மணிக்கட்டு, விரல் இவைதான் தெரியும். பதினோரு வயதுப் பிள்ளை சாட்ஸ்வர்த் பள்ளி மைதானத்திலிருந்து வந்து "மாமா, நான் சாஃப்ட்பால்ல பிட்சர் (பந்து போடுபவர்) ஆகணும்" என்று நின்றதும், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "மணிக்கட்டைச் சுண்டு, இன்னும் நல்லாச் சுண்டு" என்று ஆரம்பித்தேன். ஒரு வருஷம் சுண்டினாள். பந்து கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி, எதிர்ப்பக்கம் பந்தைப் பிடிப்பவர்) தலைக்கு மேலே போகும், இல்லாவிட்டால் அவருக்கு முன்னாலேயே மண்ணில் விழும், எப்போதாவது நேராகப் போனாலும் ஊதுபத்திப் புகை மாதிரி மிதந்து போகும்.

அப்புறம் ஒரு நாள் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்து, நல்ல பிட்சர்கள் வீசும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவர்களில் ஒருவரும் செய்யவில்லை! மணிக்கட்டை மேலே சுண்டவில்லை, கையை விறைப்பாக வைக்கவில்லை, முழங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி முடிக்கவும் இல்லை. வேகமெல்லாம் காலிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாக வந்துகொண்டிருந்தது, கை கடைசியில் சும்மா இழுபட்டு வந்தது. அதனால் இங்கே காலில் ஆரம்பித்து மேலே போகிறேன். விரலைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்தான் சொல்வேன்.

முதலில் படம் எடுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் படம் எடுங்கள். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது, கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வலக்கைப் பிள்ளை என்றால் மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது இடம்) பக்கம், அதாவது பந்து போடும் கை தெரிகிற பக்கம், போனை ஒரு கூலர் பாக்ஸ் மேல் நிறுத்தி ஒரு படம். பிட்சருக்கு நேர் பின்னாலிருந்து இன்னொன்று. போதும். இடக்கைப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள், நான் கீழே வலக்கைக்குத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் பேஸ் பக்கமிருந்து பார்த்தால் கேட்சர் உங்களுக்கு வலப்புறம் இருப்பார். கையின் சுற்றைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், கை முன்னால் நீளும்போது 3 மணி, தலைக்கு மேல் 12, பின்னால் 9, தொடை ஓரம் 6. முள் பின்னோக்கி ஓடுகிற கடிகாரம், அவ்வளவுதான். இந்த மணிக்கணக்கை உங்கள் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள், பிறகு பேச ரொம்ப வசதியாக இருக்கும். "ஒன்பதுல உன் கை எங்க பாக்குதுன்னு பாரு" என்று சொன்னாலே அவளுக்குப் புரியும்.

பந்தும் தூரமும்

கிரிக்கெட் வீட்டுக்காரர்களுக்கு இது ஒன்று. கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 22.5 சென்டிமீட்டர், எடை 160 கிராம் போல. பெரியவர்கள் ஆடும் சாஃப்ட்பால் 12 அங்குலச் சுற்றளவு, 30 சென்டிமீட்டருக்கு மேல், எடையும் 180 கிராம் வாக்கில் வரும். பத்து வயதுக் கைக்கு அது தேங்காய் மாதிரி. சின்னப் பிள்ளைகளுக்கென்று 11 அங்குலப் பந்து இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். பெரிய பந்தைக் கொடுத்தால் விழுந்துவிடுமோ என்று பிள்ளை முழுக்கையாலும் அழுத்திப் பிடிக்கும், பிடி இறுகினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் தோள் இறுகும். அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் வேகம் வராது.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்ஸ்மேன் நிற்கும் பிளேட் வரை தூரம் பெரிய பெண்களுக்கு 43 அடி, அதாவது 13.11 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பத்து வயதுக்குக் கீழே 35 அடி, பன்னிரண்டுக்குக் கீழே 40 அடி என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். உங்கள் லீக்கில் என்ன தூரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பயிற்சியில் முதல் சில மாதம் அதைவிடக் கிட்டத்திலேயே நிற்கட்டும். 2012இல் அமெரிக்காவின் மோனிகா அபட் மணிக்கு 77 மைல், அதாவது சுமார் 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசினார். அந்த வேகத்தில் 43 அடியைக் கடக்க 0.4 நொடிகூட ஆகாது. இந்த விளையாட்டில் பிட்சருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது அதில் தெரியும்.

கால்

ரப்பர் என்று நாம் சொல்கிற, பிட்சர் கால் வைத்துக் கிளம்பும் அந்த வெள்ளைப் பலகையின் நடுவிலிருந்து கேட்சர் வரைக்கும் நேராக ஒரு கோடு போடுங்கள். மைதானத்தில் சுண்ணாம்பு, வீட்டு முற்றத்தில் கோலமாவு, எதுவும் இல்லையென்றால் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துத் தரையில் விரித்துவிடுங்கள் (அக்காவிடம் திட்டு வாங்கும் பொறுப்பு உங்களுடையது). இனி எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான். முன்னால் வைக்கும் இடது கால் கோட்டின் மேலோ அதன் ஓரத்திலோ இறங்க வேண்டும். கோட்டைத் தாண்டி வலப்புறம், மூன்றாம் பேஸ் பக்கம் போய் இறங்கினால் இடுப்பே கைக்குக் குறுக்கே வந்து நின்றுவிடும், கை இடுப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாகிவிடும். பந்து எங்கே போகும் என்று அப்புறம் அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

பெரும்பாலான பிள்ளைகள் முன்னால் காலை எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். நடப்பது மாதிரி. நமக்கு வேண்டியது தாவல். மழைக்கப்புறம் நிரம்பி ஓடுகிற சாக்கடையைத் தாண்டும்போது என்ன செய்கிறோம்? முட்டியை மடித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நிற்கிற காலால் தரையைப் பின்னுக்குத் தள்ளித்தானே தாவுகிறோம். அதேதான். வலது காலால் ரப்பரைப் பின்னால் உதைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எவ்வளவு தூரம்? பிள்ளையைக் கோட்டின் மேல் படுக்கவைத்து, குதிகாலை ரப்பரில் வைத்து, தலை வரும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். நன்றாகத் தாவக் கற்ற பிள்ளையின் முன்கால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இறங்கும். ஆரம்பத்தில் முக்கால் தூரம் வந்தாலே நல்லது, அவசரம் வேண்டாம். இந்தப் படுக்கவைக்கும் விஷயம் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, தம்பி தங்கைகள்கூட வந்து படுத்துக்கொள்வார்கள்.

இறங்கும்போது இடது பாதம் நேராகக் கேட்சரைப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் வலப்புறம் திரும்பி, சுமார் 45 பாகைக்குள் சாய்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் இடுப்பு மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பித் திறந்திருக்கும், கை கீழே வர வழி இருக்கும்.

அடுத்தது நான் மிக முக்கியம் என்று நினைப்பது, யாரும் சொல்லித்தராததும் இதுதான். இறங்கிய கால் உறுதியாக நிற்க வேண்டும். டர்பன் டாக்ஸியில் பின்சீட்டில் போயிருப்பீர்கள். ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) சிவப்பு விழுந்ததும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உங்கள் உடம்பு மட்டும் முன்னால் பாயும். முன்கால்தான் அந்த பிரேக். கால் நின்றதும் இடுப்பு நிற்கிறது, இடுப்பு நின்றதும் அதுவரை சேர்ந்த வேகமெல்லாம் தோளுக்குப் போய், தோளிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து பந்துக்குப் போகிறது. முட்டி மடங்கி உடம்பு முன்னால் சரிந்துகொண்டே போனால் அந்த வேகம் அப்படியே தரையோடு போய்விடும். படத்தில் இதைப் பார்க்கும் வழி: பந்து கையை விட்டுப் போகும் நொடியில் நிறுத்துங்கள். தலை முன்முட்டிக்கு முன்னால் வந்துவிட்டதா? அப்படியென்றால் பிரேக் பிடிக்கவில்லை. முதுகு ஏறக்குறைய நிமிர்ந்து, தலை முன்காலுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

பின்கால்? அது தரையை விட்டுப் போகாமல், பெருவிரல் நுனி மண்ணில் லேசாகக் கோடு கிழித்துக்கொண்டு முன்காலை நோக்கி வரட்டும். மண்ணில் விழும் அந்தக் கோட்டைப் பாருங்கள். ஆழமாக உழுத மாதிரி இருந்தால் பிள்ளை காலை நங்கூரம் போட்டு இழுக்கிறாள் என்று அர்த்தம். கோடு நடுவில் விட்டுப்போய், இன்னொரு இடத்தில் குழி விழுந்திருந்தால் கவனம்: ரப்பரைவிட்டு வந்த கால் வேறொரு இடத்தில் ஊன்றி மறுபடி உதைத்திருக்கிறது. அதற்கு க்ரோ ஹாப் என்று பெயர், விதிப்படி தப்பு. இரண்டு காலும் காற்றில் எழும்புவதை லீப் என்கிறார்கள். அதைப் பற்றிய விதி சமீப வருஷங்களில் போட்டிக்குப் போட்டி மாறிக்கொண்டிருக்கிறது, உங்கள் லீக் அம்பயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு லேசான கோடு கிழிப்பதே பத்திரம்.

கை

தைப்பூசக் காவடியின்போது வள்ளி கதை கேட்காத தமிழ்ப் பிள்ளை இங்கே இருக்காது. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று வள்ளி கவண் சுழற்றிக் கிளி ஓட்டினாள் இல்லையா, அந்தக் கவணைத்தான் என் அக்கா மகளுக்குக் காட்டினேன். ஒரு பழைய காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு முடிச்சுப் போட்டு, அதன் நுனியைப் பிடித்துச் சுழற்றச் சொன்னேன். காலுறை வளைந்து, பின்தங்கி, கடைசியில் சட்டென்று முந்திக்கொண்டு வரும். அதுவே ஒரு குச்சியின் நுனியில் பந்தைக் கட்டிச் சுழற்றினால் அந்த விசிறல் இருக்காது. "உன் கை காலுறையா, குச்சியா?" என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கேட்ட கேள்வி. இப்போது நான் கேட்பதற்கு முன்னால் அவளே "குச்சி மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி போடுவாள்.

கையை நேராக, விறைப்பாக வைத்துப் பெரிய வட்டம் போடச் சொல்வது கிரிக்கெட் பழக்கம். அங்கே முழங்கை நிமிர்ந்தால் நோ பால் ஆகிவிடும் என்ற பயம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சாஃப்ட்பாலில் அந்த விதியே கிடையாது. முழங்கை கொஞ்சம் தளர்ந்து மடங்கியே இருக்கட்டும். 12 மணியில் கை காதை ஒட்டிப் போகட்டும், 9 மணியில் உள்ளங்கை வானத்தையோ மூன்றாம் பேஸையோ பார்க்கட்டும். உள்ளங்கை பின்னால் இரண்டாம் பேஸைப் பார்த்தபடி வந்தால் அதற்கப்புறம் பந்தைத் தள்ளத்தான் முடியும், விசிற முடியாது.

9 மணியிலிருந்து 6 மணிக்குள் நடப்பதுதான் முழு விஷயமும். மேல்கை இறங்கி விலாவை ஒட்டி வந்து வேகம் குறையும், முழங்கை முன்னால் வர முன்கை பின்தங்கும், முன்கையின் உள்பக்கம் இடுப்பை லேசாக உரசும், அந்த உரசலில் முன்கை விசிறிக்கொண்டு உள்பக்கம் திரும்பும், பந்து தொடை ஓரத்தில் கையை விட்டுப் போகும். எழுத இவ்வளவு நேரம் ஆகிறது, நடப்பது கண் சிமிட்டும் நேரத்தில்.

அந்தத் திரும்பலை எப்படிப் புரியவைப்பது என்று ரொம்ப நாள் முழித்தேன். கடைசியில் செம்புதான் உதவியது. வலக்கையில் செம்பைப் பிடித்துச் சாமிக்குப் பால் ஊற்றும்போது மணிக்கட்டை மேலே சுண்டுகிறோமா? இல்லை, முன்கை முழுவதும் உள்பக்கமாகத் திரும்புகிறது, கட்டைவிரல் உள்ளே தாழ்கிறது. வின்ட்மிலில் விடும் இடத்தில் நடப்பது அதுவேதான். அவளுடைய பாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "இதுக்கு ஒரு வருஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

விட்ட பிறகு கை எப்படி முடிய வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். சரியாக விசிறினால் முழங்கை மடங்கி, கை தானாக வயிற்றுக்கோ மார்புக்கோ குறுக்கே தளர்வாக வந்து நிற்கும். முழங்கையை உயர்த்தி கேட்சருக்குக் காட்டும் அந்தப் பழைய முடிப்பு இங்கே இன்னும் பல மைதானங்களில் நடக்கிறது. பந்து போன பிறகு செய்யும் எதுவும் பந்தின் வேகத்தைக் கூட்டாது, அதற்காகக் கையை முன்கூட்டியே தயார்செய்வது வேகத்தைக் கெடுக்கும். பயிற்சிக்கு முன் ஒரு கையால் மறுகை முன்கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டுகிற வார்ம் அப் இருக்கிறதே, அதையும் நான் நிறுத்திவிட்டேன். யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கிளவுஸ் போட்ட கை கேட்சரை நோக்கிப் போய், பிறகு அமைதியாகப் பக்கத்துக்கு இறங்கட்டும். தொடையில் "டப்" என்று அடிக்கும் பழக்கம் சத்தத்துக்குத்தான் நல்லது, உடம்பை ஆட்டிவிடும்.

நேரம்: கை உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பிக்கும்போது முன்கால் தரையில் இருக்க வேண்டும். கை 6 மணிக்கு வந்த பிறகும் கால் காற்றில் இருந்தால், பிரேக் போடாமலே பந்து போய்விட்டது என்று அர்த்தம். இந்த ஒன்றைத் திருத்த "காலை வேகமா இறக்கு" என்று மட்டும் சொல்லுங்கள், கையைப் பற்றிப் பேசாதீர்கள்.

எப்படிப் பழகுவது

கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். முதலில் கால்களை அகட்டி, இடுப்பை மூன்றாம் பேஸ் பக்கம் திறந்து, முன்கால் உறுதியாக நிற்க, கையை 9 மணியில் வைத்து அங்கிருந்து மட்டும் விசிறுவது. இரண்டு மீட்டரில் சுவர் அல்லது வலை. மழை நாளில் கராஜுக்குள் உருட்டிய காலுறையை வைத்தே இதைச் செய்யலாம், ஜன்னலும் தப்பும். அது பழகிய பிறகு 12 மணியிலிருந்து, அப்புறம் நின்ற இடத்தில் முழுச் சுற்று, அப்புறம் இரண்டு அடி நடந்து வந்து போடுவது, கடைசியாக ரப்பரிலிருந்து முழுசாக. ஒரு படி சரியாக வரவில்லையென்றால் அடுத்ததுக்குப் போகாதீர்கள் என்று சொல்வார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை, பிள்ளைக்கு முழுசாகப் போட ஆசை இருக்கும், ஒவ்வொரு நாளும் கடைசியில் பத்துப் பந்து முழுசாகப் போடவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் வரவே மாட்டாள்.

என் கருத்தில் வேகம் முதலில், குறி பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "ஸ்ட்ரைக் போடு, ஸ்ட்ரைக் போடு" (பேட்ஸ்மேன் அடிக்க வேண்டிய கட்டத்துக்குள் போடு) என்று வேலிக்குப் பின்னாலிருந்து பெற்றோர் கத்தக் கத்த, பிள்ளை பந்தைப் பத்திரமாகக் குறிபார்த்துத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. அந்தத் தள்ளல் உடம்பில் ஊறிவிட்டால் பதினாலு வயதில் அதைக் கழற்றுவது பெரும்பாடு. எங்கள் முற்றத்தில் துணிக்கயிற்றில் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டோம், குறி எதுவும் வரையவில்லை. கம்பளி எவ்வளவு பின்னால் பறக்கிறது என்பது மட்டும்தான் போட்டி. மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அதில் கட்டம் வரைந்தோம்.

பந்து தவறினால் எங்கே பார்ப்பது? மேலே போனால் பெரும்பாலும் தாமதமாக விட்டிருப்பாள், அல்லது உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். தரையில் விழுந்தால் சீக்கிரம் விட்டிருப்பாள், அல்லது இடுப்பிலிருந்து முன்னால் குனிந்திருப்பாள். இடம் வலமாகப் போனால் கையைப் பார்க்க வேண்டாம், முதலில் மண்ணில் முன்கால் தடத்தைப் பாருங்கள். கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். தடம் சரியாக இருந்தும் பந்து இடப்புறம் இழுத்துக்கொண்டு போனால், இடுப்பு சீக்கிரமே மூடி, கை உடம்புக்குக் குறுக்கே வீசியிருக்கும். இடுப்பு முழுசாக மூடிக் கேட்சரைப் பார்க்கும் முன்பே, பாதி திறந்த நிலையில் பந்து போய்விட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்தான். இதை எனக்கு நானே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன், ஏனென்றால் மாமாக்களுக்கு வாய் அடங்காது. கால் பற்றிச் சொன்ன நாளில் கை எவ்வளவு கோணலாக வந்தாலும் பேசக் கூடாது.

பிடியும் மற்ற பந்துகளும்

தையல் நூலுக்குக் குறுக்கே விரல் நுனிகள், எதிரில் கட்டைவிரல், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. சின்னக் கைக்கு மூன்று விரல், போதாவிட்டால் நான்கு. அவ்வளவுதான். ரைஸ், கர்வ் என்று சுழற்றிப் போடும் பந்துகளெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதாகக் கற்க வேண்டியது சேஞ்ச் அப், அதே கைவேகத்தில் மெதுவாகப் போகிற பந்து. பத்து பன்னிரண்டு வயதில் ஆடும் பேட்ஸ்மேன்களுக்கு அது ஒன்றே போதும், காற்றில் மட்டையைச் சுழற்றிவிட்டு நிற்பார்கள்.

வலி

கீழிருந்து வீசுவது இயல்பான அசைவு, அதனால் எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். 9 மணியிலிருந்து கீழே வரும்போது தோளைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு இழுவிசை வருகிறது, அதைத் தாங்குவது தோளின் முன்பக்கத் தசைகளும் மேல்கையின் பைசெப்ஸும்தான். அதனால் பிட்சர் பிள்ளைகளுக்குத் தோளின் முன்பக்கம்தான் முதலில் வலிக்கும். முன்கை எலும்பில் மெல்லிய விரிசல் விழுவதும் இந்த ஆட்டத்தில் தெரிந்த விஷயம். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகள் இன்னும் இறுகாதவை. தசை அசதி வேறு, வலி வேறு. மூட்டிலோ எலும்பிலோ ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டியதுதான், மறுநாளும் இருந்தால் டாக்டர். இடுப்பில் முன்கை உரசும் இடத்தில் சிவப்பது ஆரம்பத்தில் சகஜம், கன்றிப்போனால் மட்டும் ரொம்ப அழுத்தி இடிக்கிறாள் என்று அர்த்தம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயெனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டம், மொத்தம் 413 பந்து போட்டு அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், நல்ல கதை. ஆனால் அவர் அப்போது இருபத்தாறு வயது, தேசிய அணியின் தலைசிறந்த பிட்சர். அணியில் வேறு பிட்சர் இல்லை என்பதற்காக ஒரு சனிக்கிழமையில் மூன்று ஆட்டத்துக்கும் உங்கள் பதினோரு வயதுப் பிள்ளையை நிறுத்தக் கேட்டால், முடியாது என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான், பிள்ளை சொல்லாது. எங்களுக்கு அப்படி ஒரு சனிக்கிழமை வந்தது, நான் வாய் திறக்கவில்லை, பத்து நாள் அவள் தலைமுடியைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் இருந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கணக்கு இது, மருத்துவக் கணக்கு இல்லை: வாரம் மூன்று நாள் பயிற்சி, நாளுக்கு ஐம்பது பந்துக்கு மேல் முழு வேகத்தில் இல்லை, ஆட்டத்துக்கு மறுநாள் கையைத் தொடக் கூடாது. பால்குடம் எடுக்க விரதம் இருக்கும் நாட்களில் பாதி பந்து, ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது முழு ஓய்வு, பந்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். ஜனவரி பிப்ரவரி டர்பன் வெயிலிலும் அந்தப் புழுக்கத்திலும் மதியம் பயிற்சியே வேண்டாம், மாலை ஐந்துக்கு மேல் போங்கள், தண்ணீர் பாட்டிலை ரப்பருக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஆட்ட நாளில் நான் செய்வது ரொம்பக் கொஞ்சம். அவள் முதலில் ஓடி உடம்பைச் சூடாக்குவாள், பிறகு கேட்சரை மூன்று மீட்டரில் நிறுத்தி 9 மணியிலிருந்து பத்து, கொஞ்சம் பின்னால் போய் நின்ற இடத்தில் முழுச் சுற்றுப் பத்து, கடைசியாக ரப்பரிலிருந்து பதினைந்து, அதில் மூன்று சேஞ்ச் அப். அது முடிந்ததும் நான் வேலிக்கு வெளியே போய், வாயில் ஒரு பச்சைமிளகாய் பஜ்ஜியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் மூன்றாவது இன்னிங்ஸில் வேலிப் பக்கம் திரும்பி "குச்சி" என்று வாயசைத்தாள். தோளை இரண்டு தரம் குலுக்கித் தளர்த்திக்கொண்டு அடுத்ததைப் போட்டாள்.